முளைவிட்ட முக்காலி

"நான் ஈர்க்குச்சி பேசறேன். வயசு இருபத்து மூணு. இப்ப பட்டறையில, சாப்பிடற ரூமுக்கு வெளியே கோட்டு மாட்டற இடத்துல நிக்கறேன்."

வீட்டுக்கு அனுப்பும் எந்தச் செய்தியையும் அவன் இப்படித்தான் தொடங்குவான். வீட்டில் இருப்பது ஒரே போன். அது அம்மாவின் கையிலிருந்து அத்தையின் தையல் மிஷினுக்குப் போகும், அங்கிருந்து அக்காவிடம் போகும், சுற்றிச் சுற்றிக் கடைசியில் அப்பாவிடம் வந்து சேரும். அப்பாவுக்குக் காது கேட்காது. அதனால் இவன் பேசுவான், போன் அதை எழுத்தாக்கி அனுப்பும், அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு தெருவுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். எந்த நேரத்தில் யார் கையில் போன் இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆகவே பேசுவது யார், எங்கிருந்து என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது என்று பழக்கிக்கொண்டான். "அதெல்லாம் சரி, வயசை எதுக்குடா சொல்றே?" என்று அக்கா ஒருமுறை கேட்டாள். "சொன்னா கொஞ்சம் தைரியமா இருக்கு" என்றான்.

ஈர்க்குச்சி என்பதும் வீட்டில் வைத்த பெயர்தான். உடம்பு அப்படி. நாடு விட்டு நாடு வந்தால் தொலைந்துவிடும் என்று நம்பியிருந்தான். வந்த புதிதில் அம்மா போனில் கூப்பிட்ட சத்தம் பட்டறைத் தச்சரின் காதில் விழுந்துவிட்டது. அதோடு சரி, இங்கேயும் அதே பெயர்தான்.

இன்று அந்த முதல் மூன்று வரியைச் சொன்னதும் நிறுத்திவிட்டான். எங்கிருந்து ஆரம்பிப்பது? ஒரு முக்காலியில் செடி முளைத்திருக்கிறது. அது என்ன செடி என்று நாளைக் காலைக்குள் சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால் வேலை போகும், வேலை போனால் இந்த நாட்டில் இருக்கிற அனுமதியும் போகும். இதை அப்படியே சொன்னால் அப்பா சத்தமாக வாசிப்பார், அம்மா உட்கார்ந்துவிடுவாள். சொல்லாமலும் முடியாது. பதில் அந்த வீட்டில்தான் இருக்கிறது.

காலையில் இப்படி ஒரு நாள் வரும் என்று யார் நினைத்தார்கள்?

அவன் வேலை பார்க்கும் பட்டறையில் மேசை, நாற்காலி, முக்காலி செய்கிறார்கள். ஆனால் மரத்தைத் தொடுவதில்லை. அறுவடை முடிந்த வயலில் மிஞ்சிக் கிடக்கும் வைக்கோல் தாளை வாங்கி வந்து பொடியாக நறுக்கி, சோயா மாவில் காய்ச்சிய பசையோடு பிசைந்து, அச்சில் வைத்து அழுத்தி, சூட்டறையில் உலர்த்தினால் பலகை. அதில்தான் காலும் சட்டமும். உட்காருகிற மெத்தைக்குத் தேங்காய் நார். நாரைச் சீவிப் பரப்பி, ரப்பர் பால் தெளித்து, ஆறவிட்டு, மேலே சணல் துணி போர்த்துவார்கள். ஆணிகூடக் கிடையாது, மூங்கில் ஆப்புதான். "எங்க சாமான் செடியிலேர்ந்து வந்தது, வேணாம்னா மண்ணுல போடுங்க, மண்ணாவே போயிடும்" என்று முதலாளியம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

பலகைக்கான பக்குவத்தைக் கண்டுபிடித்தவர் பசையைப் பற்றி ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கிய ஒரு அம்மாள். பட்டறையில் அவருக்குப் பெயர் பசை டாக்டர். சூடு கூடினால் சோயாப் பசை கருகி பலகை வெடிக்கும். குறைந்தால் தாளில் ஒட்டிக்கொண்டிருக்கும் தானியமும் பூச்சி முட்டையும் சாகாமல் உள்ளேயே உயிரோடு கிடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சூட்டைப் பிடிப்பதற்குள் அவருக்குப் பாதி தலை நரைத்துவிட்டது என்று தச்சர் சொல்வார். மீதிப் பாதி தச்சரோடு சண்டை போட்டு நரைத்தது.

முதன்முதலாக வெளியே போன சரக்கு ஒரு நூலகத்துக்கு. குழந்தைகள் பகுதியில் போட்டுப் பார்க்க மூன்று முக்காலி. பிடித்திருந்தால் கட்டிடம் முழுக்க வாங்குவார்கள். வாங்கினால்தான் புது ஆள் வைத்துக்கொள்ள முடியும். ஈர்க்குச்சிதான் அந்தப் புது ஆள். சோதனைக் காலம் இந்த மாதத்தோடு முடிகிறது. அவன் இங்கே தங்குவதற்கான அனுமதித் தாளில் முதலாளியம்மா கையெழுத்துப் போட வேண்டும்.

காலையில் நூலகத்திலிருந்து போன் வந்தபோது எல்லோரும் கூடி நின்றார்கள். முதலாளியம்மா சத்தத்தைக் கூட்டி மேசைமேல் வைத்தார்.

"உங்க முக்காலி முளைச்சிருக்குங்க" என்றது நூலக அம்மாவின் குரல்.

"உடைஞ்சிருக்கா?"

"இல்லைங்க, உறுதியாத்தான் இருக்கு. முளைச்சிருக்கு."

"எது முளைச்சிருக்கு?"

"முக்காலிதாங்க. பச்சைப் பசேல்னு. மூணுல ஒண்ணு மட்டும். எல்லாமே இப்படி வருமா, இல்ல இது மட்டும்தானா?"

இது புகாரா, பாராட்டா, இன்னும் இரண்டு வேண்டும் என்கிறாரா என்று யாருக்கும் பிடிபடவில்லை. முதலாளியம்மா எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்துவிட்டு, "நாங்க வந்து பாக்கறோம்" என்று வைத்தார்.

"மண்ணுக்கே போயிடும்னு சொன்னீங்க. போகவே இல்ல, அதுக்குள்ள திரும்பி வந்துடுச்சு" என்றார் தச்சர்.

யாரும் சிரிக்கவில்லை. பசை டாக்டரின் முகம் வெளுத்திருந்தது. "தாள்ல இருந்த தானியம் சாகலை. சூட்டறை சரியா வேலை செய்யலை. தானியம் சாகலைன்னா பூச்சி முட்டையும் சாகலை. எல்லாப் பலகையும் சந்தேகம்தான்."

"நார்ல இருந்து வந்திருக்கலாமே?" என்றார் முதலாளியம்மா.

"நார் கொதிக்கிற தண்ணியில அலசித்தான் நம்மகிட்டயே வருது. அதுல எங்கேர்ந்து விதை?" பசை டாக்டர் திரும்பி ஈர்க்குச்சியைப் பார்த்தார். "சூட்டறைக் கதவை யார் சாத்தறது?"

அவன்தான் சாத்துவான். நார் சீவும் அறையில் தன் வேலை முடிந்ததும் சூட்டறைக் கதவை இழுத்துச் சாத்தி, கொண்டியைப் போட்டு, ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போவான். தினமும் சாத்துகிறவன். ஆனால் "சாத்தினியா?" என்று ஒருவர் கண்ணைப் பார்த்துக் கேட்டதும் சாத்திய ஞாபகம் எல்லாம் கலைந்துபோனது. எந்த நாள் சாத்தினோம், எந்த நாள் சாத்தியதாக நினைத்துக்கொண்டோம்?

"சாத்தினேங்க" என்றான். கொஞ்சம் பொறுத்து, "சாத்தியிருப்பேங்க" என்றான். அதற்கு வாயை மூடிக்கொண்டே இருந்திருக்கலாம்.

பசை டாக்டர் சூட்டறைக்குள் போய்விட்டார். சரியில்லை என்று தெரிந்தால் மூன்று முக்காலியையும் அறுத்துப் பார்ப்பேன், அதுவரை ஒரு பலகைகூட வெளியே போகக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளியம்மா, தச்சர், இவன் மூவரும் வேனில் ஏறினார்கள்.

நூலகத்தில் குழந்தைகள் பகுதி ஜன்னலை ஒட்டி இருந்தது. நடு முக்காலியின் சணல் துணியைத் துளைத்துக்கொண்டு, ஓரத்தில், பலகையும் மெத்தையும் சேரும் இடத்திலிருந்து நடுவரைக்கும், இரண்டிரண்டு இலையாகப் பொடிச் செடிகள். நூலக அம்மா கையில் தண்ணீர் தெளிக்கும் புட்டியோடு நின்றார்.

"தண்ணி விடறீங்களா?" என்று முதலாளியம்மா பதறினார்.

"முதல்ல நாங்க விடலைங்க. மழையில ஜன்னல் ஒழுகுச்சு. முளைச்ச அப்புறம் வாடவிடவும் மனசு வரலை. குழந்தைங்க இதைப் பாக்கறதுக்குன்னே வர்றாங்க. முன்னாடி இந்த மூலைக்கு ஈ காக்கா வராது."

தச்சர் ஆப்புகளைத் தட்டிப் பார்த்தார். முக்காலி கல் மாதிரி நின்றது. "வேர் விட்டு இன்னும் கெட்டியா பிடிச்சிருக்கு. இனிமே எனக்கு என்ன வேலை?" என்றார்.

"ரெண்டு இலைக்கு மேல ஏன் வளரலை?" என்று ஈர்க்குச்சி கேட்டான்.

"எங்கே வளரவிடறாங்க? அதுதாங்க பிரச்சினையே." நூலக அம்மா குரலைத் தாழ்த்தினார். "கிள்ளிக் கிள்ளித் தின்னுடறாங்க. ஒருத்தன் புளிக்குதுங்கறான், ஒருத்தி இனிக்குதுங்கறா. நேத்து ஒரு பொண்ணோட அம்மா பாத்துட்டு, என்ன செடி இது, யாருக்காவது தெரியுமான்னு கேட்டாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை. நாளைக்குக் காலையில எங்க பெரிய அதிகாரிங்க வர்றாங்க. திங்கற செடின்னா முக்காலி இருக்கட்டும், மீதி எல்லாத்துக்கும் நானே பேசறேன். என்ன செடின்னே தெரியலைன்னா மூணையும் தூக்கிட்டுப் போயிடுங்க. குழந்தைங்க விஷயம், நான் என்ன செய்ய முடியும்?"

நியாயமான பேச்சு. முதலாளியம்மா தலையாட்டினார்.

ஈர்க்குச்சி முக்காலிக்கு முன்னால் மண்டியிட்டான். செடிகள் அங்கங்கே சிதறி முளைக்கவில்லை. வில் ஒன்றை வரைந்த மாதிரி, ஓரத்தில் தொடங்கி வளைந்து நடுவில் முடிந்தன. தானியம் தாளோடு வந்திருந்தால் இப்படியா வரிசையில் நிற்கும்? இந்த வளைவை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே என்று தெரியவில்லை. கையை நீட்டி அந்த வளைவின்மேல் மெதுவாக இழுத்துப் பார்த்தான்.

"என்ன தம்பி, தடவிக் குடுக்கறே? அது நாய்க்குட்டி இல்ல" என்றார் தச்சர்.

வேனில் திரும்பும்போதும் அவன் கையைக் காற்றில் இழுத்துக்கொண்டே வந்தான். நார் சீவும்போது சீப்பை வலது கையில் பிடித்து, இடது முழங்கையை மெத்தை மேல் ஊன்றி, ஓரத்திலிருந்து நடுவுக்கு வளைத்து இழுப்பான். அந்த முழங்கை போகிற வழிதான் அது. புரிந்தது. புரிந்ததும் முன்னைவிட மோசமாகக் குழம்பியது. முழங்கை எப்படி விதைக்கும்?

பட்டறைக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

அந்தக் கோட்டு அத்தை தைத்தது. ஊரைவிட்டுக் கிளம்பும்போது கொடுத்தது. வெளிப்பக்கம் நீலம், உள்பக்கம் கட்டம் போட்ட துணி, நடுவில் பஞ்சு. நார் அறையில் குளிர் எலும்பைக் கடிக்கும், ஆனால் சூடு வைத்தால் ரப்பர் பால் சீக்கிரம் இறுகிவிடும். அந்த அறைக்குள் சொந்தத் துணி போடக்கூடாது, பட்டறை மேலங்கி மட்டும்தான் என்பது சட்டம். அவன் கோட்டைப் போட்டு அதன்மேல் மேலங்கியைப் போட்டுக்கொள்வான். மேலங்கிக்குக் கை கிடையாது, கோட்டின் கை மட்டும் வெளியே தெரியும். எல்லோரும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்கள். போட்ட நாளிலிருந்து கை இரண்டையும் அசைத்தால் சரசரவென்று ஒரு சத்தம் வரும். அத்தை மட்டமான பஞ்சை வைத்துத் தைத்துவிட்டாள் என்று நினைத்திருந்தான்.

இப்போது ஒரு கை சரசரத்தது. இன்னொரு கை சும்மா இருந்தது.

சும்மா இருந்த கையின் முழங்கையில், நார்ச் சீப்பின் பல் கிழித்த ஒரு கிழிசல். விரலை விட்டுப் பார்த்தான். உள்ளே ஒன்றுமில்லை. நகத்தில் மட்டும் கறுப்பாக, கடுகைவிடச் சின்னதாக, பளபளப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போன் போட்டான். அம்மா எடுத்தாள்.

"அம்மா, என் கோட்டுக்குள்ள என்ன வெச்சீங்க?"

அம்மா, "ஏன், இன்னும் உனக்குத் தெரியாதா? அத்தை சொல்லலை?" என்றாள்.

"எதைச் சொல்லலை?"

"இவகிட்டயே கேளு. ஏம்மா, நீ இன்னும் சொல்லலையா அவன்கிட்ட?"

தையல் மிஷின் நின்றது. அத்தையின் குரல் தூரத்திலிருந்து வந்தது. "நான் எதுக்கு அண்ணி சொல்லணும்? நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நினைச்சேன். பெத்தவங்க நீங்க."

"தைச்சவ நீதானே!"

"விதை குடுத்தவங்க நீங்கதானே!"

"யாராவது ஒருத்தர் சொல்லித் தொலைங்க" என்றான் ஈர்க்குச்சி. அவன் குரல் அவனுக்கே அழுகிற மாதிரி கேட்டது.

விஷயம் இதுதான். பிள்ளை போகிற ஊரில் கீரை கிடைக்குமோ கிடைக்காதோ, ஜன்னலோரம் ஒரு டப்பாவில் போட்டால் கிள்ளிக் கிள்ளிச் சாப்பிடுவானே என்று அம்மா தண்டுக்கீரை விதை எடுத்து வைத்தாள். பெட்டியில் வைத்தால் வழியில் பிடித்துவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். அத்தை கோட்டின் கைக்குள் வைத்துத் தைத்தாள். போய்ச் சேர்ந்ததும் சொல்லிக்கொள்ளலாம், கோட்டைக் கிழித்து எடுத்துக்கொள்வான் என்று ஏற்பாடு. யார் சொல்வது என்பதை மட்டும் ஏற்பாடு செய்யவில்லை.

"நீங்க அனுப்பின கீரை இப்ப ஒரு முக்காலியில முளைச்சிருக்கும்மா."

"முளைச்சிடுச்சா?" அம்மாவின் குரல் பூரித்தது. "நான் சொன்னேன்ல, விதை நல்ல விதைன்னு!"

அவன் முழு விவரத்தையும் சொல்லவில்லை. அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான்.

பிறகு ஆணிக்கு முன்னால் நின்று யோசித்தான். சொன்னால், விதியை மீறிச் சொந்தத் துணியோடு நார் அறைக்குள் போனவன். சொல்லாவிட்டால், சூட்டறைக் கதவைச் சரியாகச் சாத்தாதவன். எப்படி வைத்தாலும் உருளப்போவது அவன் தலைதான். அப்படியென்றால் பசை டாக்டரின் பலகையாவது பிழைக்கட்டும்.

கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு சூட்டறைக்குப் போனான். பசை டாக்டர் கதவின் ரப்பர் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். முதலாளியம்மா பக்கத்தில் நின்றார்.

"கதவு சரியாத்தான் இருக்கு, சூடும் சரியாத்தான் ஏறுது. எனக்குப் பைத்தியம் பிடிக்கப் போகுது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பலகையில தப்பில்லைங்க. அந்தச் செடி என் கோட்டுலேர்ந்து வந்தது" என்றான்.

இருவரும் அவனை ஏற இறங்கப் பார்த்தார்கள். அவன் சொல்லச் சொல்ல நடுவில் தச்சரும் வந்து சேர்ந்தார். சரசரத்த கையை டாக்டரே கத்தரிக்கோலால் பிரித்தார். உள்ளே நீளமாக ஒரு துணிப்பை. பையைக் கவிழ்த்ததும் மேசைமேல் கறுப்பு மணல் மாதிரி விதை கொட்டியது. டாக்டர் அதைப் பார்த்துக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. "சூட்டறை சாத்தியிருந்திருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"விதையெல்லாம் கொண்டு வரக்கூடாதுன்னு உனக்குத் தெரியாதா?" என்றார் முதலாளியம்மா.

"அது எங்கூட வந்ததே எனக்குத் தெரியாதுங்க."

முதலாளியம்மா கோட்டைத் தொட்டுப் பார்த்தார். "நார் ரூமுக்குள்ள இந்தக் கோட்டோட போனது தப்பு. அதை அப்புறம் பேசிக்கறேன். முதல்ல நூலகத்துக்குப் பதில் சொல்லணும். கீரைதானே?"

"கீரைதாங்க. அம்மா சொன்னாங்க."

"நிச்சயமா?"

நிச்சயமா என்று கேட்டால் அவனுக்கு எதுவும் நிச்சயமாக இருக்காது. மறுபடி போன் போட்டான். இப்போது அக்கா எடுத்தாள். அம்மாவும் அத்தையும் பக்கத்திலேயே இருந்தார்கள். கோட்டில் இருந்தது தண்டுக்கீரை மட்டும்தானே என்று கேட்டான்.

அத்தை இருமினாள்.

"ஒரு கையில தண்டுக்கீரைதான்" என்றாள். "இன்னொரு கை சும்மா இருந்துச்சு. கீரையை மட்டும் பாத்துக்கிட்டு இருந்தா பிள்ளைக்கு ஜன்னல் வெறிச்சுன்னு இருக்குமேன்னு கோழிக்கொண்டைப் பூ விதை கொஞ்சம் வெச்சேன்."

"எனக்குத் தெரியாம வெச்சியா?" என்றாள் அம்மா.

"உங்களுக்குத் தெரிஞ்சா விடுவீங்களா?"

"அத்தை, எந்தக் கையில எது?"

"இடது கையில கீரை. வலது கையில பூ. நல்லா ஞாபகம் இருக்கு."

"கோழிக்கொண்டையைத் திங்கலாமா?"

"பூவை யாருடா தின்னு பாத்திருக்கா? நான் பாக்கறதுக்குக் குடுத்தா இவன் திங்கறதைப் பத்திக் கேக்கறான்."

நகத்தில் வந்த விதையையும் பையிலிருந்து கொட்டிய விதையையும் படமெடுத்து அனுப்பினான். இரண்டு விதையும் ஒரே மாதிரி கறுப்பு, ஒரே மாதிரி பொடி, ஒரே மாதிரி பளபளப்பு. முளையும் இரண்டு இலைப் பருவத்தில் அப்படித்தான் என்று அம்மாவே ஒத்துக்கொண்டாள். போதாததற்கு வீட்டுப் போனின் திரை பாதி உடைந்து, எந்தப் படமும் பச்சையாகத்தான் தெரியும். எந்தக் கை கிழிந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதில் சந்தேகமே இல்லை. இடது முழங்கையைத்தான் ஊன்றுவான். இடது கைதான் கிழிந்தது. இடது என்றால் கீரை. அவன் மூச்சை விட்டான். முதலாளியம்மா நூலகத்துக்குப் போன் போட எண்ணைத் தேடினார்.

"இருங்க" என்றார் பசை டாக்டர். அவர் மேசைமேல் கிடந்த கோட்டைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஏன் கட்டம் போட்ட பக்கம் வெளிய இருக்கு?"

"நீலப் பக்கம் அழுக்காயிடும்னு வேலைக்குத் திருப்பிப் போட்டுப்பேங்க. நல்ல பக்கம் வெளிய போறதுக்கு."

டாக்டர் கோட்டை நீலப் பக்கம் வெளியே வரும்படி திருப்பினார். இடது பக்கம் இருந்த கிழிந்த கை வலது பக்கம் போய் நின்றது.

எல்லோரும் அதையே பார்த்தார்கள்.

"அப்போ பூவா?" என்றார் முதலாளியம்மா.

"இருங்க, இருங்க" என்று தச்சர் கோட்டை வாங்கி மாட்டிக்கொண்டார். தோள் பிதுங்கியது. கிழிந்த கை வலது பக்கம். கழற்றினார், திருப்பினார், மாட்டினார். கிழிந்த கை இடது பக்கம். மறுபடி கழற்றினார். "நான் நிக்கற பக்கம் மாறலையே, கை மட்டும் எப்படி மாறுது?" என்றார்.

"போதும், தையல் விட்டுடும்" என்றார் டாக்டர். பிறகு அவரே தொடர்ந்தார். "அவங்க அத்தை எப்படி வெச்சுத் தைச்சாங்கன்னு தெரியணும். நீலப் பக்கம் வெளிய இருக்கும்போது இடதுன்னு சொன்னா, முளைச்சது பூ. கட்டம் வெளிய இருக்கும்போது இடதுன்னு சொன்னா, முளைச்சது கீரை."

"சாதாரணமா எப்படித் தைப்பாங்க?"

"உள்ள பை வெச்சுத் தைக்கறவங்க திருப்பிப் போட்டுத்தான் தைப்பாங்க" என்றார் முதலாளியம்மா. "ஆனா கடைசியில நிமித்தி, போட்டுப் பாத்துட்டுத்தான் குடுப்பாங்க. எந்த நேரத்துல இடதுன்னு மனசுல வெச்சாங்களோ?"

"நட்டு வளத்துப் பாத்தா?" என்றான் ஈர்க்குச்சி.

"நாளைக் காலைக்குள்ள பூக்குமா?" என்றார் தச்சர்.

முதலாளியம்மா போனைக் கீழே வைத்தார். "கீரைன்னு பொய் சொல்லி ஒரு குழந்தைக்கு வயித்தை வலிச்சா அந்த நூலக அம்மா முகத்துல நான் எப்படி முழிக்கறது? பூன்னு சொன்னா மூணு முக்காலியும் திரும்பி வரும், உன் அனுமதித் தாள்ல நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? எனக்குத் தெரிஞ்சு சொல்லணும். உங்க அத்தையைக் கேளு. பட்டறை சாத்தற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அவன் போன் போட்டான். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டான். இந்த முறை எடுத்தார்கள். "ஹலோ! யாரு? எனக்குக் காது கேக்காது. எழுத்தா அனுப்புங்க!" என்றது அப்பாவின் குரல். போன் மின்னுவதைப் பார்த்து எடுத்திருப்பார். பின்னால் மிஷின் சத்தம் இல்லை. அத்தை தைத்த துணியைக் கொடுக்கப் போயிருப்பாள், கூடவே அம்மாவும் வழி நெடுகச் சண்டை போட்டுக்கொண்டு போயிருப்பாள்.

அப்படித்தான் அவன் மறுபடி இந்த ஆணிக்கு முன்னால் வந்து நின்றான். கோட்டு பசை டாக்டரின் மேசையில் கிடக்க, ஆணி வெறுமனே இருந்தது. குளிர் கையில் ஏறியது. சொன்ன மூன்று வரியும் போனில் அப்படியே காத்துக்கொண்டிருந்தன. வேலையைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்று இன்னொருமுறை யோசித்தான். அப்பா வாசிப்பார், அம்மா திரும்பி வந்து கேட்பாள், அத்தை தனக்குத் தெரிந்ததைச் சொல்லாமல், பிள்ளைக்கு நல்லதாக எது முடியுமோ அதைச் சொல்லிவிடுவாள். வேலை என்ற பேச்சே எடுக்கக்கூடாது. எது நல்லது என்று அவளுக்குத் தெரியாமல் இருந்தால்தான் உண்மையைச் சொல்வாள்.

வாயை போனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

"அப்பா, இதை நீங்க படிச்சா அத்தை வர்ற வரைக்கும் போனை யார்கிட்டயும் குடுக்காதீங்க. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. முக்காலியில முளைச்சது கீரையா பூவான்னு இங்க எல்லாருக்கும் தெரிஞ்சுக்கணுமாம், அவ்வளவுதான். அத்தை, கோட்டைத் தைக்கும்போது இடது கைன்னு நீங்க சொன்னது, நீலப் பக்கம் வெளிய இருக்கும்போதா, கட்டம் போட்ட பக்கம் வெளிய இருக்கும்போதா? ஞாபகம் இருந்தா சொல்லுங்க. ஞாபகம் இல்லைன்னா இல்லைன்னே சொல்லுங்க, எனக்காக யோசிச்சு எதையும் சொல்லாதீங்க. இதை யார் படிச்சாலும், அத்தை வீட்டுக்குள்ள கால் வெச்ச உடனே, செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி, தயவுசெஞ்சு இந்த ஒண்ணை மட்டும் கேட்டு எனக்கு எழுதுங்க."